பெருகாமல் நின்ற செல்லும் தசையாக முதிர்ந்த செல்லும்

கேள்வி: ஐயா, நான் உயிரித் தொழில்நுட்பத்தில் முதுகலை இறுதியாண்டு படிக்கிறேன். குழந்தைகளுக்கு வரும் தசைப் புற்றான ராப்டோமயோசார்கோமாவின் ‘ஆர்டி’ செல் வரிசையில் ஒரு மூலிகைச் சாற்றின் விளைவை ஆராய்ந்துவருகிறேன். 48 மணி நேரத்துக்குப் பிறகு, செல்களின் உயிரியக்கத்தை நிறத்தால் அளக்கும் எம்டிடி சோதனையில் நிறம் பாதியாகக் குறைந்தது. நுண்ணோக்கியில் பல செல்கள் நீண்டு மெலிந்து தெரிந்தன. சிலவற்றில் இரண்டு மூன்று உட்கருக்கள் இருந்தன. புரதங்களைப் பிரித்து அடையாளம் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டில், தசைச் செல்லுக்குரிய மயோடி புரதத்தின் பட்டையும் நன்றாக வந்திருக்கிறது. ‘புற்றுச் செல்களைத் தசைச் செல்களாக வேறுபாடடையச் செய்கிறது’ என்றே ஆய்வேட்டுக்குத் தலைப்பு வைத்துவிடலாம் என்கிறார் என் வழிகாட்டி. எனக்குத் தயக்கமாக இருக்கிறது. அப்படி வைக்கலாமா? கையில் மூன்று மாதமும் கொஞ்சம் பணமும் மட்டுமே உள்ள நிலையில் இன்னும் என்ன செய்ய வேண்டும்? இன்னொன்று: எங்கள் தெருவில் ஆறு வயதுக் குழந்தைக்கு இதே நோய் வந்து சிகிச்சை நடக்கிறது. அதன் தாய், ‘உன் ஆராய்ச்சியில் ஏதாவது மருந்து இருக்கிறதா’ என்று கேட்கிறார். அவருக்கு என்ன சொல்வது?

பதில்:

அன்புள்ள மாணவிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்ற இரண்டும் சில நாள் காத்திருக்கக் கூடியவை. அந்தத் தாயிடம் உங்கள் சாற்றைப் பற்றிப் பேச வேண்டாம். ஆய்வகத் தட்டில் வளரும் செல்களை அடக்கும் பொருள்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. அவற்றில் மிகப் பெரும்பாலானவை குழந்தையின் உடலில் மருந்தாவதில்லை. அவரிடம் சொல்ல வேண்டியது, நடந்துகொண்டிருக்கும் சிகிச்சையை எந்தக் காரணத்துக்காகவும் இடையில் நிறுத்த வேண்டாம் என்பதுதான். 1970களுக்கு முன் இந்த நோய் வந்த குழந்தைகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவரே பிழைத்தனர். 1972இல் அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் ஒன்றுசேர்ந்து ஒரே திட்டத்தின்கீழ் சிகிச்சை அளித்து முடிவுகளை ஒப்பிடத் தொடங்கிய பின், வின்கிரிஸ்டின், ஆக்டினோமைசின், சைக்ளோபாஸ்பமைடு ஆகிய மூன்று மருந்துகளையும் அறுவை சிகிச்சையோடும் கதிர்வீச்சோடும் சேர்த்துக் கொடுக்கும் முறை படிப்படியாகச் சீரடைந்து, வேறிடங்களுக்குப் பரவாத நோயில் பத்தில் ஏழு குழந்தைகளுக்கு மேல் பிழைக்கும் நிலை அங்கே வந்தது. ஐரோப்பியக் குழு ஒன்று 2019இல் வெளியிட்ட முடிவு இன்னும் எளிமையானது: கடுமையான சிகிச்சை முடிந்து நோய் மறைந்திருந்த, ஆனால் மீண்டும் வரும் ஆபத்து அதிகமுள்ள குழந்தைகளுக்கு, அத்துடன் நிறுத்திவிடாமல் மேலும் ஆறு மாதம் வினோரல்பினும் வாய்வழிச் சைக்ளோபாஸ்பமைடும் குறைந்த அளவில் தொடர்ந்து கொடுத்தபோது, ஐந்தாண்டு உயிர்வாழ்வு 73.7 விழுக்காட்டிலிருந்து 86.5 விழுக்காடாக உயர்ந்தது. கட்டி கரைந்துவிட்டது, இனி எதற்கு மருந்து என்று வீட்டில் யாராவது சொல்லத் தொடங்கும் கட்டத்தில் அந்தத் தாய்க்குத் துணையாக நிற்க இந்த ஒரு செய்தி போதும்.

மூலிகை வேண்டும் என்று அவர் வற்புறுத்தினால், குழந்தைக்கு ஏறும் வின்கிரிஸ்டின் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து பிரித்தெடுக்கப்படுவதுதான் என்று சொல்லுங்கள். ராமநாதபுரம், தூத்துக்குடிப் பக்கத்து மானாவாரி நிலங்களில் அது பயிராகவே விளைகிறது. அதோடு, அந்த மருந்தின் அளவு உடற்பரப்பைக் கணக்கிட்டு, ஒரு தடவைக்கு 2 மில்லிகிராமுக்கு மிகாமல் நரம்பு வழியே ஏற்றப்படுகிறது என்பதையும், இலையை அரைத்துக் குடிப்பது நஞ்சைக் குடிப்பது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இனி உங்கள் தட்டுக்கு வருவோம். உங்கள் தயக்கம் சரியானது. நீங்கள் குறிப்பிட்ட மூன்று சான்றுகளும் பொய்யல்ல. ஆனால் அவற்றில் ஒன்றுகூட ‘வேறுபாடடைதல்’, அதாவது செல் தன் இறுதி வடிவத்துக்கு முதிர்தல், என்ற சொல்லைத் தாங்காது. காரணம் புரிய வேண்டுமானால், இந்தப் புற்று எதனால் விசித்திரமானது என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும்.

நம் எலும்புத் தசையின் ஒவ்வொரு நாரின் ஓரத்திலும் சிறு துணைச் செல்கள் உறங்கிக்கொண்டிருக்கின்றன. தவளைத் தசையை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஆராய்ந்த அலெக்சாண்டர் மௌரோ 1961இல் அவற்றை முதலில் விவரித்தார். தசை கிழிந்தால் இந்தச் செல்கள் விழித்துப் பலமுறை பிரிந்து பெருகுகின்றன. போதுமான எண்ணிக்கை சேர்ந்ததும் பிரிவதை விட்டுவிட்டு, ஒன்றோடொன்று இணைந்து பல உட்கருக்கள் கொண்ட நீண்ட தசைக்குழல்களாகின்றன. இந்த வரிசையில் மயோடி முதலிலேயே வந்துவிடும். பிறகு மயோஜெனின் தோன்றும், பி21 என்ற புரதம் செல் சுழற்சிக்குத் தடைபோடும், அதன் பின்னரே சுருங்கும் இயந்திரத்தின் உறுப்பான மயோசின் கனச்சங்கிலி உருவாகும், செல்கள் இணையும். பெருகும் செல் முதிர்வதில்லை, முதிர்ந்த செல் பெருகுவதில்லை என்பது தசையில் ஏறக்குறைய விதிவிலக்கற்ற ஒழுங்கு.

1987இல் டேவிஸ், வைன்ட்ராப், லாசர் ஆகிய மூவரும், மயோடி என்ற ஒரே மரபணுவை எலியின் இணைப்புத் திசுச் செல்லுக்குள் செலுத்தி, அதைத் தசையாகவே மாற்றிக் காட்டினார்கள். தசைக்கான முடிவை எடுக்கும் அதிகாரி இவர்தான் என்று எல்லோரும் நினைத்தோம். ஆனால் ராப்டோமயோசார்கோமா செல்களைத் திறந்து பார்த்தால் அந்த அதிகாரி அங்கே ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறார்! நாற்காலியில் ஆள் இருக்கிறார், கோப்பில் மட்டும் கையெழுத்து விழவில்லை. 1993இல் டாப்ஸ்காட்டும் வைன்ட்ராபும் சக ஆய்வாளர்களும் இந்தப் புதிரை நேராக எடுத்துக்கொண்டார்கள். புற்றுச் செல்லில் உள்ள மயோடி டிஎன்ஏவோடு பிணைகிறது, ஆனால் மரபணுக்களை உரியவாறு இயக்குவதில்லை; அந்தச் செல்லை இயல்பான இணைப்புத் திசுச் செல்லோடு இணைத்து ஒரே செல்லாக்கினால் மயோடி வேலை செய்யத் தொடங்குகிறது, செல்லும் முதிர்கிறது. அதாவது மயோடிக்குத் துணைநிற்க வேண்டிய ஏதோ ஒன்று புற்றுச் செல்லில் குறைவு. அந்தத் துணைகள் எவை, அவற்றின் இடத்தைப் பிடித்திருப்பவை எவை என்ற தேடல்தான் அதன் பிறகு இந்தத் துறையில் பெரும்பகுதி.

ஆகவே உங்கள் வெஸ்டர்ன் பிளாட்டில் மயோடி பட்டை தெரிவது, அது ராப்டோமயோசார்கோமா செல் என்பதற்குச் சான்றே ஒழிய முதிர்ந்ததற்குச் சான்றல்ல. நோயியல் மருத்துவர் குழந்தையின் திசுவில் இந்த நோயை உறுதிசெய்வதே டெஸ்மின், மயோடி, மயோஜெனின் ஆகிய மூன்றின் சாயத்தைப் பார்த்துத்தான். அறிகுறியையே குணம் என்று எழுதினால் தேர்வாளர் முதல் கேள்வியிலேயே பிடித்துவிடுவார். மயோஜெனின் மட்டும் அளவில் பலமடங்கு கூடினால் அது ஒரு தொடக்கக் குறிப்பு. ஆனால் அதுவும் நோயின் சில வகைகளில் தொடக்கத்திலிருந்தே மிகுதியாக இருக்கும் என்பதை மறக்கக் கூடாது. நம்பத் தகுந்த அடையாளம் மயோசின் கனச்சங்கிலி.

இப்போது உட்கருக்கள். ஆர்டி செல்களை விற்கும் செல் வங்கியின் விவரக் குறிப்பைப் படித்துப் பாருங்கள்: கதிர் வடிவச் செல்களும் பல உட்கரு கொண்ட பெரிய செல்களும் கலந்திருக்கும் என்றே இருக்கும். எந்த மருந்தும் போடாத தட்டிலும் அவை உண்டு. மேலும், இரண்டு உட்கரு வருவதற்கு இணைவு ஒன்றே வழியல்ல. உட்கரு பிரிந்த பின் செல் உடல் பிரியாமல் நின்றுவிட்டாலும் இரண்டு உட்கரு வரும். பல தாவரப் பொருள்கள் செல்லின் நுண்குழல்களைத் தாக்கி இதையே செய்கின்றன. நித்தியகல்யாணியின் வின்கிரிஸ்டினும் அந்தக் குடும்பத்து வேலைதான் செய்கிறது. உங்கள் சாறு எந்தக் குடும்பம் என்று உங்களுக்குத் தெரியாதே. நீண்டு மெலிவதும் அப்படித்தான்: செல்கள் குறைந்து இடம் காலியானால், மீதியுள்ளவை கையைக் காலை நீட்டிக்கொள்ளும்.

எம்டிடி சோதனையைப் பற்றி நம் கல்லூரிகளில் யாரும் கொஞ்சம் கோபத்தோடு பேசுவதில்லை, நான் பேசுகிறேன். அது செல்களை எண்ணுவதில்லை. மஞ்சள் நிற உப்பைச் செல்லின் வளர்சிதை மாற்ற நொதிகள் ஊதா நிறப் படிகமாக்குகின்றன. அந்த நிறத்தை 570 நானோமீட்டர் அளவில் படிக்கிறோம். நிறம் பாதியானால், செல்கள் பாதி இறந்திருக்கலாம். இறக்காமல் பிரிவது மெதுவாகியிருக்கலாம். எண்ணிக்கை அப்படியே இருந்து ஒவ்வொரு செல்லின் வேகமும் தணிந்திருக்கலாம். தசைச் செல் முதிரும்போது மைட்டோகாண்டிரியா கூடுவதால் ஒரு செல்லுக்கான நிறம் ஏறவும் செய்யும். போதாக்குறைக்கு, பாலிபீனால் நிறைந்த தாவரச் சாறுகள் செல்லே இல்லாத குழியிலும் எம்டிடியை ஊதாவாக்கும். செல் இல்லாமல், ஊடகமும் சாறும் எம்டிடியும் மட்டும் ஊற்றிய குழிகளை வைத்துப் பார்த்தீர்களா? வைக்கவில்லையென்றால் நாளைக்கே வையுங்கள். அரை நாள் வேலை.

இவ்வளவும் சொல்வதால் உங்கள் சாறு பயனற்றது என்று நான் சொல்லவில்லை. அது என்ன செய்கிறது என்று இன்னும் கேட்கப்படவே இல்லை என்கிறேன். செல் எண்ணிக்கை குறைவதற்கு நான்கு கதைகள் உண்டு: செல் செத்தது, தற்காலிகமாக நின்றது, கிழடாகி நின்றது, முதிர்ந்து நின்றது. நான்கிலும் எம்டிடி ஒரே எண்ணைத்தான் காட்டும்.

எனக்கே நேர்ந்த ஒன்றைச் சொல்கிறேன். ஆய்வு மாணவனாக இருந்த காலத்தில், ஒரு பொருளைப் போட்ட தட்டுகளில் செல்கள் அடங்கிப்போவதைக் கண்டு ஆறு வாரம் மகிழ்ந்திருந்தேன். செல்கள் பெருகுவது தணிந்தது, உருவம் மாறியது, வரைபடங்கள் அழகாக வந்தன. அந்த ஆய்வகத்தில் நெடுங்காலம் பணியாற்றிய தொழில்நுட்பர் ஒருவர், நாங்கள் அக்கா என்று அழைப்பவர், ஒரு நாள் செல்கள் வளர்ந்திருந்த மெல்லிய கண்ணாடித் துண்டான என் மூடுசில்லை வாங்கி, உட்கருவுக்கு நீலச் சாயமேற்றும் டாப்பி போட்டு நுண்ணோக்கியில் வைத்துவிட்டு, ‘வந்து பார் தம்பி’ என்றார். நீல உட்கருக்களைச் சுற்றி, செல்லின் உடல் முழுக்க, உப்புத் தூவியதுபோல நீலப் புள்ளிகள். மைக்கோபிளாஸ்மா கிருமித் தொற்று. மருந்து போடாத தட்டை எடுத்துப் பார்த்தோம், அதிலும் புள்ளிகள், கொஞ்சம் குறைவாக. ஆறு வாரமும் அன்று மாலையே குப்பைக்குப் போயின. சாதாரண நுண்ணோக்கியில் அந்தக் கிருமி தெரியாது, ஊடகம் கலங்காது, செல் சாகாது. வளர்ச்சியையும் மரபணு இயக்கத்தையும் மட்டும் சத்தமில்லாமல் மாற்றிக்கொண்டிருக்கும். வளர்ச்சியையும் முதிர்ச்சியையும் அளப்பவருக்கு இதைவிடக் கெட்ட விருந்தாளி கிடையாது.

செல்லின் அடையாளமும் அப்படியே. ஆர்டி செல்கள் ஏழு வயதுச் சிறுமி ஒருவரின் இடுப்பெலும்புப் பகுதிக் கட்டியிலிருந்து வளர்க்கப்பட்டு 1969இல் அறிவிக்கப்பட்டவை. டிஇ671 என்ற பெயரில் இன்னொரு செல் வரிசை பல ஆண்டுகள் சிறுமூளைப் புற்று என்று நம்பப்பட்டு, நரம்பியல் ஆய்வுகளில் பயன்பட்டுவந்தது. அது ஆர்டி செல்களேதான் என்று 1989இல் தெரியவந்தது. ஏ204 என்பது நெடுங்காலம் ராப்டோமயோசார்கோமா என்ற பெயரோடு விற்கப்பட்டது; அது ராப்டாய்டு என்ற வேறு கட்டியின் செல். ஆர்டி நம் ஊருக்குப் புதிதும் அல்ல: போலியோ வைரஸ் அதில் நன்றாக வளரும் என்பதால், உலகெங்கும் போலியோ கண்காணிப்பு ஆய்வகங்கள் மல மாதிரிகளைச் சோதிக்க அதையே வைத்திருக்கின்றன, சென்னை கிண்டியில் உள்ள கிங் ஆய்வு நிலையமும் அவற்றில் ஒன்று. வைரஸ் சோதனைக்காக யாரோ வைத்திருந்த குடுவையிலிருந்து கைமாறி வந்த செல்லாக உங்களுடையது இருந்தால், எத்தனை தலைமுறை கடந்தது என்றே தெரியாது. புனேயில் உள்ள தேசிய செல் அறிவியல் மையத்திலிருந்து வந்ததா, எந்தத் தேதியில், எத்தனையாவது மறுவளர்ப்பில் இருக்கிறது என்று கேட்டு எழுதிவையுங்கள். குறுந்தொடர் மீள்வரிசைச் (எஸ்டிஆர்) சோதனை ஒரு தடவை செய்துகொண்டால் செல்லின் கைரேகை கிடைத்துவிடும்.

மூன்று மாதத்தில் செய்யக்கூடியதை இப்போது சொல்கிறேன். முதல் வாரத்தில் மைக்கோபிளாஸ்மா சோதனை, அடையாளச் சோதனை, செல் இல்லாத எம்டிடி. அடுத்து எம்டிடியை ஓரமாக வைத்துவிட்டு, எண்ணுங்கள். 12 குழித் தட்டில் குழிக்கு 20,000 செல் வீதம் இட்டு, ஆறு நாளும் நாளுக்கு மூன்று குழிகளாகப் பிரித்தெடுத்து, இறந்த செல்லில் மட்டும் ஏறும் டிரைபான் புளூ சாயம் கலந்து எண்ணும் கண்ணாடியில் உயிருள்ளவற்றையும் இறந்தவற்றையும் தனித்தனியே எண்ணுங்கள். நீலமேறிய செல்கள் நாளுக்கு நாள் கூடினால் கதை சாவு. கூடாமல், உயிருள்ள செல்களின் கோடு மட்டும் சாய்வு குறைந்தால் கதை பெருக்கம் தணிந்தது. இந்த ஒரு வரைபடம் உங்கள் ஆய்வேட்டில் மற்ற எல்லாவற்றையும்விட நேர்மையானதாக இருக்கும்.

இதில் ஒரு கண்ணி உண்டு. தசைச் செல்கள் நெருக்கமாகச் சேர்ந்தாலே முதிரத் தொடங்கும். வளர்ச்சிக்காக ஊடகத்தில் சேர்க்கும் சீரத்தைக் குறைத்தாலும் முதிரும். எலியின் சி2சி12 செல்களை 2 விழுக்காடு குதிரைச் சீரத்தில் வைத்தால் நான்கைந்து நாளில் தசைக்குழல்கள் வருவது இதனால்தான். உங்கள் ஒப்பீட்டுத் தட்டு ஆறாம் நாளில் அடர்ந்தும், சாறு போட்ட தட்டு விட்டுவிட்டும் இருக்கும். இரண்டையும் ஒப்பிட்டால் அடர்த்தியை அளக்கிறீர்களா, சாற்றை அளக்கிறீர்களா என்று சொல்ல முடியாது. ஆகவே குறைந்த செல்களோடு தொடங்கி ஆறாம் நாளில் அதே அடர்த்திக்கு வந்து சேரும் இன்னொரு ஒப்பீட்டுத் தட்டும் வேண்டும். சாற்றைக் கரைத்த கரைப்பானை மட்டும் அதே அளவில் போட்ட தட்டும் வேண்டும். சீரம் எல்லாவற்றிலும் ஒன்றே.

பிறகு முக்கியமான சோதனை. மூடுசில்லில் வளர்த்த செல்களுக்கு, நிறுத்துவதற்குச் சில மணி நேரம் முன் ஈடியூ என்ற பொருளைக் கொடுங்கள். அந்த நேரத்தில் டிஎன்ஏவைப் படியெடுக்கும் செல்கள் மட்டும் அதை உள்ளே எடுத்துக்கொள்ளும். பணம் போதவில்லையென்றால், பெருகும் செல்லைக் காட்டும் கேஐ67 புரதத்துக்கான ஆன்டிபாடியே போதும். பாராஃபார்மால்டிஹைடில் நிலைப்படுத்தியபின், பெருக்கத்துக்குப் பச்சை, மயோசின் கனச்சங்கிலிக்குச் சிவப்பு, உட்கருவுக்கு நீலம் என்று மூன்று சாயமும் ஒரே சில்லில் ஏற்றுங்கள். இனி நீங்கள் பார்க்க வேண்டியது இதுதான்: சிவப்பு உடலுக்குள் இருக்கும் உட்கருக்களில் எத்தனை பச்சை? முதிர்ச்சி உண்மையானால், சிவப்புச் செல்களின் உட்கருக்கள் வெறும் நீலமாக, ஒழுங்காக வரிசைகட்டி இருக்கும். சிவப்பும் பச்சையும் ஒரே செல்லில் சேர்ந்து கிடந்தால், முதிர்வதுபோல் பாவனை செய்துகொண்டே பெருகும் செல் அது. இந்தப் புற்றின் இயல்பே அது. சிவப்பும் இல்லை பச்சையும் இல்லை என்றால் வெறுமே நின்றிருக்கிறது. மருந்து போடாத தட்டிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிவப்புச் செல்கள் இருக்கும். அதுதான் உங்கள் அடிக்கோடு, அதை எண்ணாமல் மேற்கொண்டு எதுவும் பேச முடியாது. இணைவுக் குறியீட்டைச் சொல்ல வேண்டுமானால், மொத்த உட்கருக்களில் எத்தனை விழுக்காடு இரண்டுக்கு மேற்பட்ட உட்கரு கொண்ட சிவப்புச் செல்களுக்குள் இருக்கின்றன என்று கணக்கிடுங்கள். சிவப்பேறாத பல உட்கருச் செல்லைக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம்.

எண்ணும்போது எது மருந்துத் தட்டு என்று உங்களுக்குத் தெரியக் கூடாது. தோழி ஒருவரிடம் கொடுத்துச் சில்லுகளின் பெயரை மறைத்து எண் ஒட்டச் சொல்லுங்கள். நல்ல இடமாகப் பார்த்துப் படமெடுக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். எனக்கு இன்றும் வருகிறது. சில்லின் எந்த எந்த இடத்தில் படமெடுப்பது என்பதைப் பார்ப்பதற்கு முன்பே முடிவுசெய்துகொள்ளுங்கள். வெவ்வேறு வாரத்தில், வெவ்வேறு மறுவளர்ப்பில் மூன்று முறை செய்தால்தான் மூன்று. ஒரே தட்டின் மூன்று குழிகள் ஒன்றுதான்.

மயோசினுக்கான ஆன்டிபாடியில் எம்எஃப்20 என்பது பல பத்தாண்டுகளாகப் புழங்குவது; அயோவா பல்கலைக்கழகத்தில் உள்ள கலப்பினச் செல் வங்கி அதைக் குறைந்த விலையில் தருகிறது. உங்கள் சாயமேற்றும் முறை வேலைசெய்கிறது என்று காட்ட சி2சி12 தசைக்குழல்கள் பக்கத்துத் தட்டில் இருக்கட்டும். ஆர்டி செல்லே முதிரக் கூடியதுதான் என்று காட்ட, டிபிஏ என்ற போர்பால் எஸ்டரைச் சுமார் 100 நானோமோலார் அளவில் சில நாள் கொடுங்கள். அது ஆர்டி செல்களில் பெருக்கத்தைத் தணித்து மயோசினைக் கூட்டுவது 1990 வாக்கிலிருந்தே அறியப்பட்ட செய்தி. கையுறை இல்லாமல் தொடாதீர்கள், அது தோலில் கட்டி வளர்க்கும் பொருள். டிபிஏ தட்டில் சிவப்பு தெரிந்து உங்கள் சாற்றுத் தட்டில் தெரியாவிட்டால், அந்த முடிவும் ஒரு முடிவே, எழுதுங்கள்.

கடைசியாக, மீட்சிச் சோதனை. சாற்றை நான்கு நாள் கொடுத்தபின் கழுவிவிட்டு, 10 விழுக்காடு சீரத்தில் சாதாரண ஊடகத்தில் விடுங்கள். பின் குழிக்கு 500 செல் வீதம் பரப்பி இரண்டு வாரம் காத்திருந்து, கிரிஸ்டல் வயலட் சாயம் போட்டு, செல்கள் பெருகி உண்டான திட்டுகளை எண்ணுங்கள். பழையபடி திட்டுகள் வந்தால், செல்கள் காத்திருந்தன, அவ்வளவே. வரவில்லையென்றால் அவை முதிர்ந்தனவா, கிழடாயினவா என்ற கேள்வி மிஞ்சும். அமிலத்தன்மை (பிஎச்) 6 அளவில் செய்யும் பீட்டா கேலக்டோசிடேஸ் சோதனையில் நீலமேறும், தட்டையாக அகன்ற, மயோசின் இல்லாத செல்கள் கிழடானவை.

இதெல்லாம் செய்து சாதகமாக வந்தாலும், முடிவு ஆர்டி வகைக்கே பொருந்தும். ஆர்டி கருவகை (எம்பிரியோனல்) நோயின் செல். அதில் என்ராஸ் மரபணு பழுதாகி, ‘பெருகு’ என்ற கட்டளை ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கிறது. நோயின் மற்றொரு வகையில் 2ஆம் குரோமோசோமும் 13ஆம் குரோமோசோமும் துண்டு மாற்றிக்கொண்டு, பாக்ஸ்3-ஃபாக்ஸோ1 என்ற ஒட்டுப் புரதத்தை உருவாக்குகின்றன; 1993இல் கண்டறியப்பட்ட இந்த ஒட்டுள்ள குழந்தைகளுக்கு நோய் கடுமையாக இருக்கும். ஆர்எச்30 என்பது அந்த வகைச் செல். ராஸ் பழுதுள்ள செல்களில், ராஸின் கட்டளையைக் கடத்தும் மெக் நொதியைத் தடுக்கும் டிராமெடினிப் மருந்து மயோஜெனினைத் தூண்டி முதிர்ச்சியை நோக்கித் தள்ளுகிறது என்று 2018இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவன ஆய்வாளர்கள் காட்டினர். 2023இல் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தினர், என்எஃப்-ஒய் என்ற புரதத்தை நீக்கினால் ஒட்டுப் புரதம் குறைந்து, ஒட்டுள்ள செல்கள் தசைபோல் மாறுவதைக் காட்டினர். புற்றுச் செல் தசையானது என்று அப்போது செய்திகளில் வந்த படங்கள் அவர்களுடையவைதான். தட்டில் நடந்தது அது, குழந்தையில் அல்ல. முதிரவைத்துக் குணப்படுத்தும் சிகிச்சை கற்பனை அல்ல: புரோமைலோசைடிக் ரத்தப் புற்றில் வைட்டமின் ஏ-யின் உறவான ரெட்டினாயிக் அமிலத்தை ஷாங்காய் மருத்துவர்கள் 1980களில் கொடுத்துக் காட்டியது இன்று அந்த நோயின் அடிப்படை மருத்துவம். தசைப் புற்றில் அந்த நிலை இன்னும் வரவில்லை. ஆனால் ஒரு சுவையான குறிப்பு உண்டு: சாதாரண மருந்துச் சிகிச்சைக்குப் பின் மிஞ்சிய கட்டியை எடுத்துப் பார்க்கும்போது, குறிப்பாகச் சிறுநீர்ப்பையில், பிரியும் செல்கள் மறைந்து முதிர்ந்த தசைச் செல்கள் மட்டும் மிச்சமிருப்பதை நோயியல் மருத்துவர்கள் பல ஆண்டுகளாகக் கண்டுவருகின்றனர். இளம் செல்கள் செத்து முதிர்ந்தவை தப்பினவா, மருந்தே முதிரவைத்ததா? உங்கள் தட்டில் நீங்கள் கேட்க வேண்டிய அதே கேள்விதான் அங்கும்.

வழிகாட்டியிடம் எப்படிச் சொல்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடிதத்தின் வரிகளுக்கு இடையே அது தெரிகிறது. ‘நீங்கள் சொன்னது தவறு’ என்று தொடங்க வேண்டாம். ‘மயோடி இந்தச் செல்லில் முன்பே இருக்கிறதே ஐயா, தேர்வாளர் கேட்டால் என்ன சொல்லட்டும்’ என்று கேட்டு, ஈடியூ-மயோசின் இரட்டைச் சாயத்துக்கு மட்டும் அனுமதி வாங்குங்கள். அதுவரை தலைப்பு, ‘ஆர்டி செல்களின் பெருக்கத்திலும் உருவ அமைப்பிலும் இன்ன சாற்றின் விளைவு’ என்று இருக்கட்டும். அதில் குறைவு ஒன்றும் இல்லை. செலவுக்கு ஒன்றே ஒன்றுதான் முடியும் என்றால் எம்எஃப்20 வாங்குங்கள். மற்ற எல்லாம் உங்கள் துறையில் ஏதோ ஓர் அலமாரியில் இருக்கும்.

அதற்கு முன், இந்த வாரமே, மைக்கோபிளாஸ்மா இல்லை என்று உறுதியான செல்களில் எட்டுப் பத்துக் குப்பி உறையவைத்து, மறுவளர்ப்பு எண்ணும் தேதியும் எழுதித் திரவ நைட்ரஜனில் போட்டுவிடுங்கள். மூன்று முறை திரும்பச் செய்ய வேண்டிய சோதனைக்கு மூன்று முறையும் அதே செல்கள் வேண்டும்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்